ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

பிலவேந்திரனைச் சித்தேரி மலையில் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்களாம். எனக்கு இதைச் சொன்னவள் ஞானமேரி. லீட்ஸ் நகரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அவள் நர்ஸ். சொந்த ஊர் அரூர். அவளுக்கு அவள் மாமியார் கடிதத்தில் எழுதியிருந்தார். மாமியாருக்கு அரூர் பஸ் நிலையத்தில் பூ விற்கிற அம்மா சொன்னாராம். அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கடிதம் வந்து சேரவே பதினொரு நாள் ஆகியிருந்தது.

"டிபிக்காரங்க பேரையெல்லாம் வெள்ளக்காரனுக்கு வித்துட்டாராம்ண்ணா. பேருக்கு ஒரு டாலர்னு பேசிக்கிறாங்க. உங்களுக்கு சிநேகிதர்தானே?" என்றாள்.

சிநேகிதன்தான் என்றேன். டாலர் என்பது சுத்தப் பொய். பெயர்கள் வெள்ளைக்காரன் கைக்குப் போனது உண்மை. அவற்றை உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, இந்த ஊர் அஞ்சல் பெட்டியில் போட்டவன் நான்தான். ஞானமேரியிடம் அதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பிலவேந்திரனைப் பற்றி யாராவது எதையாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் இருவரும் கம்பைநல்லூரில் ஒரே வகுப்பில் படித்தோம். இருவருக்கும் பிறந்த நாள் ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் இருபத்தேழு பேருக்கு ஜூன் ஒன்றுதான். பள்ளியில் சேர்க்க வந்த அப்பன்மார்களுக்குப் பிள்ளை பிறந்த தேதி தெரியாது. தலைமையாசிரியர் ஐந்து வயது நிரம்புகிற மாதிரி கணக்குப் போட்டு, பள்ளி திறக்கிற நாளையே எழுதிவிடுவார். இங்கே என் அலுவலகத்தில் வருடம் தவறாமல் அந்த நாளில் கேக் வெட்டுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

பிலவேந்திரன் பத்தாவதோடு நின்றான். அவன் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், மூன்று பிள்ளைகள். அரூரில் டைப்பிங் கற்று, தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தான். கம்பைநல்லூருக்கு வெளியே இருந்த மிஷன் காசநோய் மருத்துவமனையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தான். ரோசம்மாவைக் கட்டினான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. 1986-இல் மிஷனின் வெளிநாட்டு அலுவலகம் அந்த மருத்துவமனைக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. ஏ.சி. போட்ட அறையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். டைப் அடிக்கத் தெரிந்தவன் என்பதால் அதன் முன்னால் பிலவேந்திரனை உட்கார வைத்தார்கள்.

கூடவே ஒரு ஃப்ளாப்பியில் நோயாளிப் பதிவேட்டுக்கான புரோகிராம் வந்தது. பெயர், அப்பன் அல்லது புருஷன் பெயர், பிறந்த தேதி, இவற்றைக் கொடுத்தால் ஆளைப் பதிந்துகொள்ளும். மாதாமாதம் மாத்திரை வாங்க வரும்போது ஒரு வருகை என்று எண்ணும். அப்போதைய வைத்தியம் பதினெட்டு மாதம். பதினெட்டு வருகை ஆனதும் 'சிகிச்சை முடிந்தது' என்று திரையில் காட்டும். மெஷின் வந்த பிறகு நோயாளிகள் கையில் வைத்திருந்த அட்டையை நிறுத்திவிட்டார்கள். மெஷின் இருக்கும்போது அட்டை எதற்கு?

பிறந்த தேதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த புரோகிராம் மேலே நகராது. வருகிறவர்களில் யாருக்கும் தேதி தெரியாது. முப்பது இருக்கும் என்பார்கள், நாற்பது இருக்கும் என்பார்கள். பிலவேந்திரனுக்குத் தலைமையாசிரியர் ஞாபகத்துக்கு வந்தார். எல்லோருக்கும் ஜூன் ஒன்று போட்டான்.

1988 ஜனவரியில், சித்தேரிக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து மாதம்மாள் என்ற பெண் இருமிக்கொண்டு வந்தாள். சிகிச்சை முடிந்துவிட்டது என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் போகாமல் ஏ.சி. அறை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிலவேந்திரன் திரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"பதினெட்டு வாட்டி வந்துட்டம்மா. மெஷின்ல இருக்குது."

"ஒம்போதுங்க."

"மெஷின் சொல்லுதும்மா."

"மெஷினுக்கு என்னங்க தெரியும்? ஒவ்வொரு வாட்டியும் ஒரு கோழிய வித்துட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒம்போது கோழிங்க. இந்த வாட்டி கடன் வாங்கிட்டு வந்தேன், பத்தாவது வூட்ல மேயுது, வேணும்னா வந்து எண்ணிப் பாருங்க."

பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சிரித்தானாம். பிலவேந்திரனும் சிரித்ததாகத்தான் எனக்கு எழுதினான். பிறகு உள்ளே போய் அந்தப் பதினெட்டு தேதிகளையும் அச்சடித்துப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு தேதிகள் இருந்தன. மாதத்துக்கு இரண்டு முறை ஒருத்தி ஏன் மாத்திரை வாங்க வருகிறாள்?

அவள் ஒருத்தி அல்ல. அரூர் வட்டத்தில் மாதம்மாள் என்ற பெயருக்கும் பஞ்சமில்லை, மாது என்ற புருஷனுக்கும் பஞ்சமில்லை. இவள் மாது மனைவி மாதம்மாள், வயது முப்பது. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு மாது மனைவி மாதம்மாள், அவளுக்கும் வயது முப்பது. பெயர் ஒன்று, புருஷன் பெயர் ஒன்று, ஜூன் ஒன்று. இரண்டாமவளைப் பதிந்த அன்று, இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறாள் என்று புரோகிராம் முடிவு செய்து பழைய பக்கத்தையே திறந்தது. டைப் அடிப்பது மிச்சம் என்று பிலவேந்திரன் மேலே போய்விட்டான். அவள் ஒன்பது, இவள் ஒன்பது. பதினெட்டு ஆனதும் இருவருக்குமே மருந்து நின்றது.

மறுபடி மருந்து தொடங்கினார்கள். கோழி விற்ற மாதம்மாளுக்கு அது போதவில்லை. ஏப்ரலில் இறந்துபோனாள். பிலவேந்திரன் அவள் வீட்டுக்குப் போனபோது பத்தாவது கோழி வாசலில் மேய்ந்துகொண்டிருந்ததாம். அந்தக் கடிதத்தில் வேறு எதுவும் இல்லை.

அவன் தேடிப் பார்த்ததில் அப்படிப் பதினொரு ஜோடிகள் இருந்தன. இருபத்திரண்டு பேர்.

எனக்குத் தெரிந்த யாராக இருந்தாலும் இதோடு நிர்வாகியிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவனும் சொன்னான். நிர்வாகி மரியசூசை, மெஷின் வெளிநாட்டில் செய்தது, அதில் தப்பு இருக்காது என்றார். பிலவேந்திரன் அந்த ஃப்ளாப்பியில் இருந்ததை எல்லாம் அச்சடித்தான். அந்த புரோகிராம் எழுதப்பட்ட மூல வரிகளும் அதிலேயே இருந்தன, நாற்பத்தாறு பக்கம். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: இதை நகலெடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், திருத்தலாம், திருத்தினால் எங்களுக்கும் எழுதுங்கள், எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிறோம். கீழே ஒரு முகவரி. ஆலன் விட்டேக்கர் என்பவர், ஓய்வு பெற்ற ஆய்வகக்காரர். மிஷன் மருத்துவமனைகளுக்காகக் கூலி வாங்காமல் எழுதியது அது. முகவரியில் இருந்த ஊர், லீட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

"திருத்தலாம்னு போட்டிருக்கான் மாப்ள," என்று எனக்கு எழுதினான். "யாரு வேணா திருத்தலாமாம். டைப்பிஸ்ட்டும் திருத்தலாமான்னு கேட்டுச் சொல்லு."

கேட்காமலேயே திருத்தலாம் என்று பதில் போட்டேன். அது எழுதப்பட்ட பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினேன். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரம்தான் மெஷின் அவனுக்குச் சும்மா கிடைக்கும். அதிலும் வாரத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாத நாட்களில் அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் பென்சிலோடு படித்தான். டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் பக்கம் பக்கமாகப் பிழை பார்த்த கண். பொருள் புரியாத இடத்திலும் எது எங்கே திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்துவிடுவான். நான்கு மாதம் ஆயிற்று. ஆளை ஒப்பிடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, ஊர்ப் பெயரையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்தான். ஒன்பது வரி மாற்றம்.

சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே இரண்டு முறை பதிந்தான், ஒன்று கம்பைநல்லூர், இன்னொன்று லீட்ஸ். "லீட்ஸ்ல இருக்கிற பிலவேந்திரன் வேற ஆளுன்னு மெஷின் ஒத்துக்கிச்சு," என்று எழுதினான். அவன் எழுதியதில் சந்தோஷமான கடிதம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் இங்கிலீஷை நான் சரிசெய்து விட்டேக்கருக்கு அனுப்பினேன். பத்தே நாளில் மரியாதையான பதில் வந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போவது லட்சத்தில் ஒன்று நடக்கலாம். அதற்காக நாற்பது மருத்துவமனைகளின் பதிவேட்டையும் மாற்ற முடியாது. நோயாளிகளிடம் சரியான பிறந்த தேதியைக் கேட்டு வாங்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லவும்.

"கேட்டுப் பாத்துட்டேன் மாப்ள," என்று பிலவேந்திரன் பதில் எழுதினான். "பெரிய மழ பேஞ்ச வருசம்ங்கிறாங்க. அந்தக் கட்டத்துல அத்தன எழுத்து புடிக்காது."

நம்ப மாட்டேன் என்பவருக்குச் சான்று வேண்டும். பதினொரு ஜோடிகளின் பதிவுகளையும் அப்படியே அச்சடித்து ஆறு பக்கம் அனுப்பினான். பெயர், ஊர், சளிப் பரிசோதனை முடிவு, எல்லாம் இருந்தது. நான் வேலை பார்ப்பது மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில். நோயாளியின் பெயர் கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆறு பக்கத்தையும் பார்த்தபோது அது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஊர்ப் பெயர்களையாவது மை பூசி மறைத்திருக்கலாம். ஆனால் ஊர்தானே வேறு வேறு என்பதற்குச் சான்று? விட்டேக்கர் நம்ப வேண்டும், அதுதான் அப்போது என் மனதில் இருந்தது. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் சொல்வதை ஒரு வெள்ளைக்காரர் நம்ப வேண்டும். உறையை ஒட்டினேன்.

விட்டேக்கர் நம்பினார். மன்னிப்புக் கேட்டே எழுதினார். இலையுதிர் காலத்தில், மருத்துவமனைகளுக்கு அவர் குழு அனுப்புகிற செய்திமடலில் முழுப் பக்கம் ஒதுக்கி, இந்தியாவில் கம்பைநல்லூரிலிருந்து பி. பிலவேந்திரன் அனுப்பிய திருத்தம் என்று தலைப்பிட்டு, அந்த ஒன்பது வரிகளையும் அச்சிட்டார்கள். சான்றாக அந்த ஆறு பக்கத்தில் ஒன்றையும் அப்படியே படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பிலவேந்திரன் அதை ரோசம்மாவிடம் காட்டினான். இதற்குக் காசு தருவார்களா என்று கேட்டாளாம். இல்லை என்றான். "அப்பறம் எதுக்குப் பேரு?" என்றாளாம்.

அந்தச் செய்திமடல் மிஷனின் வெளிநாட்டு அலுவலகத்துக்கும் போகும் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிசம்பரில் அதன் பிரதி ஒன்று, நோயாளிகளின் பெயர்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, மரியசூசையின் மேஜைக்கு வந்தது. அவனை அவர் கூப்பிட்டார்.

"ஏம்பா பிலவேந்திரா, நீ டைப்பிஸ்ட்டா டாக்டரா?"

"டைப்பிஸ்ட்டுங்க சார்."

"இதுல இருக்கிற பொம்பளைங்ககிட்ட கேட்டியா? உன் பேரு ஊரு நோவு எல்லாத்தையும் சீமைக்கு அனுப்பறேன், புஸ்தகத்துல போடுவாங்கன்னு?"

"இல்லீங்க."

"உன் பொண்டாட்டி பேரா இருந்தா அனுப்புவியா?"

 கேள்வியில் தப்பில்லை மாப்ள என்று எனக்கு எழுதினான். அன்றே வேலை போயிற்று. அறையிலிருந்து வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அட்டெண்டர், எத்தனை டாலர் வந்தது என்று கேட்டான். பேச்சு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

திருத்திய ஃப்ளாப்பி ஜனவரியில் எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. இனிமேல் இரண்டு பேர் ஒன்றாக மாட்டார்கள். ஏற்கெனவே ஒன்றாகிப்போனவர்களைப் பிரிக்க மெஷினால் முடியாது. ஒவ்வொருவரையும் தேடிப் போய், உனக்கு மருந்து பாதியில் நின்றுவிட்டது, திரும்பி வா என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆள் அனுப்பினால் தப்பை ஒத்துக்கொண்டதாகும் என்று மரியசூசை மறுத்துவிட்டார். அங்கிருந்த டாக்டரம்மா மட்டும், நீ கூட்டிக்கொண்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிலவேந்திரனிடம் சொன்னார். வேலை இல்லாத டைப்பிஸ்ட், கையால் எழுதி வைத்திருந்த பட்டியலோடு பஸ் ஏறினான்.

ஆரம்பத்தில் சுலபமாக இருந்தது. கம்பைநல்லூரைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். பிறகு பேச்சு அவனுக்கு முன்னாலேயே ஊர்களுக்குப் போக ஆரம்பித்தது. பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இல்லை என்றார்கள். ஒரு ஊரில் தீர்த்தகிரி என்பவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாதம்மாளோடு அது இரண்டு. பொய் சொல்லிக் கூப்பிடவும் அவன் கற்றுக்கொண்டான். ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்வானாம். மார்ச் மாதத்துக்குள் பத்தொன்பது பேர் மருந்துக்குத் திரும்பியிருந்தார்கள். பாக்கி ஒருத்தி. சித்தேரி மலையில் ஒரு கிராமம். பெயர் காவேரி, பட்டியலில் பிறந்த நாள் ஜூன் ஒன்று.

அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனான். பஸ்ஸை விட்டு இறங்கி ஏழு கிலோமீட்டர் நடை. இரண்டு முறையும் அவள் கொழுந்தன் சென்றாயன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். அவள் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். இரண்டாம் முறை நடந்த பேச்சைப் பிலவேந்திரன் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருந்தான்.

"எங்க வூட்ல அந்த நோவு யாருக்கும் இல்ல."

"இல்லாட்டி சந்தோசம்ங்க. இருமல் இருந்தா மட்டும் ஒருவாட்டி வரச் சொல்லுங்க."

"அவ பேர உன் வாயால சொல்லாத. பேர வித்துட்டுத்தான ஆஸ்பத்திரில தொரத்துனாங்க உன்ன? இன்னொருக்கா இந்தப் பக்கம் பாத்தேன்னா கால இங்கயே வெச்சிட்டுப் போவ."

அதற்குக் கீழே பிலவேந்திரன் சில வரிகள் எழுதியிருந்தான்: உள்ளே இருமல் கேட்டது மாப்ள. வாயில் துணியை வைத்துக்கொண்டு இருமுகிற இருமல். ஏப்ரல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், டாக்டரம்மா ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், அவள் வராவிட்டாலும் மாத்திரையையாவது அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

போகாதே என்று நான் பதில் எழுதியிருக்கலாம். எழுதினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்காது. இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். தந்தி கொடுத்திருந்தால் சேர்ந்திருக்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

ஞானமேரி அந்தச் செய்தியைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்தபோது விட்டேக்கரிடமிருந்து ஒரு தடித்த உறை வந்திருந்தது. புதிய ஃப்ளாப்பி ஒன்று, கூடவே ஒரு கடிதம். ஆப்பிரிக்காவில் ஒரு மருத்துவமனை பிலவேந்திரனின் திருத்தத்தை ஓட்டிப் பார்த்ததில் முப்பத்தொரு ஜோடிகள் அகப்பட்டனவாம். அங்கே எல்லோருக்கும் ஜனவரி ஒன்று. அந்த மக்களை எப்படிக் கண்டுபிடித்துத் திரும்ப அழைப்பது என்று அங்கிருந்து கேட்கிறார்கள், பிலவேந்திரன் எப்படிச் செய்தார் என்று தயவுசெய்து கேட்டு எழுதவும், அடுத்த வெளியீட்டில் அவர் பெயரிலேயே போடுகிறோம். கடைசியில், பெயர்களை அச்சிட்டது தன் தவறு என்று எழுதியிருந்தார். அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

பிலவேந்திரன் வீட்டில் போன் கிடையாது. எதிரே காளியப்பனின் உரக்கடையில் இருக்கிறது. முன்பு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன். காளியப்பன் எடுத்து, "சீமை போன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார், ஐந்து நிமிடத்தில் பிலவேந்திரன் மூச்சு வாங்க வந்து நிற்பான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கிருந்து டிரங்க் கால் பதிவு செய்தேன். அங்கே பதினொன்றரை. கடை திறந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். திங்கட்கிழமை உரக்கடைக்கு விடுமுறை கிடையாது, தெருவில் சாவு விழுந்தால்தான் மூடுவார்.

முக்கால் மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. கேட்பதற்கு மூன்று விஷயங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். முதலில் அவன் எங்கே. இரண்டாவது, காவேரிக்கு மாத்திரை போய்ச் சேர்ந்ததா. மூன்றாவது, விட்டேக்கரின் கேள்வி. முதலாவதற்குப் பதில் நல்லதாக இருந்தால் மட்டுமே மூன்றாவதைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

மணி அடித்தது. காளியப்பன் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார், பத்து முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. யாரும் எடுக்கவில்லை, துண்டித்துவிடட்டுமா என்று நடுவில் ஆபரேட்டர் பெண் கேட்டாள். வேண்டாம், கொஞ்சம் அடிக்கட்டும் என்றேன்.

அடித்துக்கொண்டிருக்கிறது.